பத்தொன்பது கட்டங்கள்

அன்புள்ள அக்கா,

சின்னவளுக்குச் சளி விட்டதா? ஸ்வெட்டர் அளவாக இருந்ததா?

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் ஓர் ஆய்வு நடந்தது உனக்குத் தெரியும். கத்தி வைக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று, நோயாளி பெயர் சரியா, மருந்து போட்டாயிற்றா என்ற பட்டியலைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு கட்டமாக டிக் அடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் சிக்கல்கள் குறைகின்றனவா என்று பார்ப்பதுதான் ஆய்வு. டிக் அடிப்பது நர்ஸான என் பொறுப்பு. நூற்றுக்கு நூறு என்று எங்களுக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

நேற்று பெரிய டாக்டர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கத் தந்தார். அத்தான் அதில் ஒரே வரியாக இருக்கிறார்: 'பட்டியல் முழுமை, கிருமித் தொற்றால் மரணம், காரணம் தெரியவில்லை.'

அடக்கம் முடிந்து வந்ததும் கேட்டாயே, "நீ உள்ளதானே இருந்த, எல்லாம் சரியாத்தானே பண்ணாங்க?" என்று. "ஆமாக்கா" என்றேன். ஆபரேஷன் முடிந்து தட்டை எடுத்தபோது, அத்தானுக்கு முதலிலேயே போட்டிருக்க வேண்டிய ஆன்டிபயாடிக் மருந்து திறக்காமல் அப்படியே கிடந்தது. அதைக் குப்பையில் போட்டவள் நான்தான்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. டாக்டரிடமும் ஒரு நகல் கொடுத்துவிட்டேன்.

மயக்க மருந்து கொடுக்கும் முன் அத்தான் என்னைப் பார்த்து, "மச்சினி கையில பேனா இருக்கு. இனி எமனே வந்தாலும் இவகிட்ட கையெழுத்து வாங்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வேலை மிச்சம் என்று, அன்று காலையில் டீ குடிக்கும்போதே பத்தொன்பது கட்டங்களையும் நான் நிரப்பி வைத்திருந்தேன், அக்கா.

உன் தங்கை