சுந்தர் பளபளப்பாக்கிய உறைகள்

அக்டோபர் 4, சனி

காலையிலேயே வெயில். அக்டோபராம். டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் ஏசி இன்னும் ஓய்ந்தபாடில்லை.

காரேஜ் வேலை. போன வாரம் துப்பாக்கி ரேஞ்சில் சுட்டுவிட்டுப் பொறுக்கி வந்த பித்தளைத் தோட்டா உறைகள், கழுவிக் காயவைத்தவை. டார்ச், லென்ஸ், நுனி வளைத்த பேப்பர் கிளிப். ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சுட்ட உறையில் புது மருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுவது இந்த ஊரில் பல பேர் வீட்டில் செய்கிற வேலைதான். கழுத்தில் கீறல் விழுந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். அடிப்பக்கம்தான் ஏமாற்றும். வெடிக்கும்போதெல்லாம் பித்தளை கொஞ்சம் நீளும், அடிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். வெளியே மெல்லிய பளபள வளையம். உள்ளே கிளிப்பை விட்டு இழுத்தால் பள்ளத்தில் தட்டும். தட்டினால் குப்பை. பேச்சே இல்லை.

இந்த லாட் ஓய்ந்துவிட்டது. பாதிக்கு மேல் தட்டியது. மொத்தத்தையும் காபி டின்னில் போட்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி குறடால் நசுக்க ஆரம்பித்தேன். நாலைந்துகூட நசுக்கியிருக்க மாட்டேன், வாசலில் கார். இவர் தம்பி சுந்தர், மனைவி மாலினியோடு. மதியம் பிரியாணிக்கு இவர் கூப்பிட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. வழக்கம்.

சுந்தர் நேரே காரேஜுக்கு வந்தான். ஆறு மாதமாக அவனும் ரீலோடிங் ‘எக்ஸ்பர்ட்’. வீடியோ பார்த்து.

“அண்ணி, இதையெல்லாம் ஏன் த்ரோ பண்றீங்க? நல்லாத்தானே இருக்கு.”

“உள்ள மெலிஞ்சுபோச்சு.”

“நீங்க வால்வு கம்பெனில க்வாலிட்டி பாக்குற மாதிரியே இதையும் பாக்குறீங்க. எங்க குரூப்ல ஒருத்தர் ஒரே பிராஸை பதினஞ்சு தடவை லோட் பண்றார்.”

“பதினாறாவது தடவை என்ன ஆச்சுன்னு கேட்டுச் சொல்லு.”

சிரித்தான். பத்து வருடமாக டெலிகாம் கம்பெனியில் ஸ்லைடு போடுகிறவன். கையால் செய்தது காபி மட்டும், அதுவும் பட்டனை அழுத்தி.

பிரியாணியில் உப்பு கம்மி. யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மீதியை நசுக்கலாம் என்று டின்னைத் திறந்தேன். நசுங்கியவை மட்டும் அடியில். மற்றதெல்லாம் காணோம்.

போன் போட்டேன்.

“ஆமா அண்ணி, நான்தான் எடுத்தேன். வேஸ்ட்தானே?”

“சுந்தர், அது ஆபத்து. இப்பவே திருப்பிக் கொண்டு வா.”

“டென்ஷன் ஆகாதீங்க. டம்ளர் மெஷின்ல போட்டு நைட்டெல்லாம் பாலிஷ் பண்ணிட்டேன். புதுசு மாதிரி இருக்கு. என்னோடதோட மிக்ஸும் பண்ணிட்டேன்.”

பாலிஷ் போட்டால் சுவர் தடிக்குமா? போகிறது அந்த வளையம்தான். வெளியே தெரிகிற ஒரே அடையாளம். அதையும் துடைத்துவிட்டு, நல்லதோடு கலந்தும் வைத்திருக்கிறான். இனி எது என்னுடையது, எது அவனுடையது என்று அவனுக்கே தெரியாது.

“அப்ப மொத்தத்தையும் தூக்கிப் போடு.”

“அண்ணி, சீரியஸ்லி?” வைத்துவிட்டான்.

இவரிடம் சொன்னேன். கிரிக்கெட்டிலிருந்து கண் எடுக்காமல், “விடு. அவன் என்ன சின்னக் குழந்தையா?”

“குழந்தைன்னா கையிலேர்ந்து பிடுங்கிடலாம்.”

டிவியில் ஒரே கூச்சல். அங்கே யாரோ அவுட்.

அக்டோபர் 8, புதன்

மழை. ஃப்ரீவேயில் எல்லோருக்கும் ஓட்டுவது மறந்துபோயிற்று.

லஞ்சில் மாலினி போன். சனிக்கிழமை அவள் பிறந்தநாள். சுந்தர் ரேஞ்சுக்குக் கூட்டிப் போகிறானாம். அவளுக்கென்றே ‘ஸ்பெஷலாக’ லோட் பண்ணியிருக்கிறானாம். மற்ற பெண்களுக்கு ஸ்பெஷல் என்றால் டின்னர்.

“எனக்கு அந்த சத்தமே பிடிக்காதுக்கா. ஆனா வரலைன்னா மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவார்.”

உறை விஷயத்தைச் சொன்னேன். வெடிக்கும்போது மெலிந்த இடத்தில் அறுந்துபோகலாம், சூடான புகை பின்பக்கமாக, சுடுகிறவர் முகத்துக்கு வரலாம் என்று.

“அவர் வேற மாதிரி சொன்னார். உங்களுக்கு ஜெலஸாம்.”

ஜெலஸ்! சட்னி மிக்ஸியில் கையை விடுகிறவனைப் பார்த்துப் பொறாமை!

“செக் பண்ண முடியாதாக்கா?”

“மருந்து வெச்சு மூடியாச்சு. இனிமே உள்ள பாக்க முடியாது. நீ அந்த ரைஃபிளைத் தொடாத.”

“சரிக்கா” என்றாள். அவள் சொல்கிற ‘சரி’ எப்படிப்பட்டது என்று தெரியும். எல்லோருக்கும் சரி என்பாள்.

வாங்க வேண்டியது: தயிர், டிஷ்யூ, கேக்?

அக்டோபர் 11, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

ரேஞ்சுக்குப் போனேன். இவரையும் இழுத்துக்கொண்டு. வழி முழுக்க முனகல்: “ஃபேமிலில இதெல்லாம் தேவையா?” பார்க்கிங்கில் சுந்தரின் கார். உள்ளே அவனுடைய ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர், போனைத் தூக்கிப் பிடித்தபடி. பெஞ்சில் மாலினி. ரைஃபிளின் கட்டை தோளில் சரியாகக்கூடப் பதியவில்லை.

“மாலினி, எந்திரி.”

எழுந்தாள். அவ்வளவு சீக்கிரம் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

“அண்ணி, இங்க சீன் க்ரியேட் பண்ணாதீங்க.” முகமெல்லாம் சிவப்பு. ஆபீஸ்காரர்கள் முன்னால் அல்லவா.

“நீயும் சுடாத. அதை மூட்டை கட்டு.”

“நான் சுட்டுக் காட்டறேன். அப்புறம் பேசுங்க.”

உட்கார்ந்தான். பாதுகாப்புக் கண்ணாடி தொப்பிக்கு மேலே, அழகுக்கு. இவர் “டேய், அண்ணி சொல்றாங்கல்ல” என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை. மாலினிதான் குனிந்து, கண்ணாடியை அவன் மூக்கின் மேல் இழுத்துவிட்டாள். தட்டிவிடப் பார்த்தான். விடவில்லை அவள்.

முதல் குண்டு சரி. அடுத்ததும். திரும்பி என்னைப் பார்த்து, “ஹேப்பி?”

அதற்கடுத்தது சத்தமே வேறு. ரைஃபிளின் பக்கத்திலிருந்து புகை பீறிட்டது. தலை பின்னால் போயிற்று. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, “அம்மா” என்றான். இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளை மீசைக்காரர் கத்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள். கன்னத்தில் கரும்புள்ளிகள், காதோரம் கொப்புளம். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகக் கீறல். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

மீசைக்காரர் ரைஃபிளின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டை மெதுவாகத் திறந்தார். வந்தது உறையின் அடி மட்டும், ஒரு சட்டைப் பட்டன் அளவு. மீதிக் குழாய் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அறுந்த விளிம்பு கத்தி மாதிரி மெல்லிசு.

யார் தயாரித்தது இது என்று கேட்டார்.

சுந்தர் என்னைக் காட்டினான். என்னை! “ஹெர் பிராஸ்.”

“ஆமாம், என்னுடையதாக இருக்கலாம்” என்றேன், அவர் பாஷையிலேயே. “என் குப்பை டின்னிலிருந்து கேட்காமல் எடுத்தது.”

அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஆபீஸ்காரர்கள் மெல்ல மெல்லப் போனைப் பாக்கெட்டில் போட்டார்கள்.

மாலினி அவனை அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்கு ஓட்டிப் போனாள். திரும்பி வந்து வீட்டு வாசலில்தான் இவர், “நீ சொன்னது சரிதான்.” சொல்ல இவ்வளவு தூரம் ஓட்ட வேண்டியிருந்தது.

கேக் காரிலேயே உருகிவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில் கொஞ்சம் தணிவு. முதுகு வலி.

காலையில் ஃபேமிலி வாட்ஸப் குரூப்பில் சுந்தரின் நீண்ட மெசேஜ். தலைப்பு ‘பிராஸ் சேஃப்டி: மை லேர்னிங்ஸ்’. பழைய உறையை எப்படிச் சோதிப்பது, எப்போது தூக்கிப் போடுவது. நான் சொன்னதெல்லாம் வரிசையாக. என் பேர் எங்கும் இல்லை. கீழே கைதட்டல்கள். இவர் வாசித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கான்ல?”

எழுந்து காரேஜுக்குப் போய்விட்டேன்.

பதினோரு மணிக்கு மாலினி, தனியாக. டிக்கியில் நாலு பிளாஸ்டிக் டப்பா, தூக்க முடியாத கனம். அவன் லோட் பண்ணி வைத்தது எல்லாம்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். டிவி பாத்துட்டிருந்தார். எடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன். கேக்கலை, சொன்னேன்.”

லோட் பண்ணியதை அப்படியே குப்பையில் போட முடியாது. ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றி, மருந்தைத் தனியே கொட்ட வேண்டும். இரண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“ஆயின்ட்மென்ட் குடுத்தார். எப்படி ஆச்சுன்னு கேட்டார்க்கா. இவர் என்ன சொன்னார் தெரியுமா? தாளிக்கும்போது எண்ணெய் தெறிச்சுடுச்சாம்.”

“யாரு, சுந்தரா?”

“கடுகு எந்த டப்பால இருக்குன்னே தெரியாதுக்கா அவருக்கு.”

சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது. நான் நிறுத்தியும் அவள் நிறுத்தவில்லை. பிறகுதான் பார்த்தேன், அது சிரிப்பில்லை.

டீ போட்டுக் கொடுத்தேன். இன்னும் இரண்டு டப்பா பாக்கி.