முனைக்கடைக்கு ஈடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் தையல் மெஷின்களும் நலம். உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? குட்டிக்கு இருமல் விட்டதா? கொஞ்ச நாளாக நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முனைக்கடையை நம் இருவருக்கும் விற்பதாக ஒப்பந்தம் எழுதி முன்பணமும் வாங்கிய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பல்டி அடித்துவிட்டார். வேறு யாரோ கூடுதல் விலை சொல்லியிருக்கிறார்கள். முன்பணத்தை இரண்டு மடங்காகத் தருகிறேன், ரத்து செய்துவிடலாம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். நான் தொடவில்லை. அதையே உனக்கும் அனுப்பியிருக்கிறாராம். "உங்க தம்பி படிச்சவரு, புரிஞ்சுக்குவாரு" என்று என்னிடமே சொல்கிறார். நீ படித்த லட்சணம் எனக்குத் தெரியாதா.

வக்கீலம்மாவைப் பார்த்தேன். நஷ்டஈடு கேட்கலாம், இல்லாவிட்டால் பேசியபடி கடையையே எழுதித் தரச் சொல்லி வழக்குப் போடலாம் என்றார். கடைதான் வேண்டுமென்றால், மீதிப் பணத்தோடு நாம் கடைசிவரை தயாராக நின்றதைக் காட்ட வேண்டுமாம். நம்மில் ஒருவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் வழக்கு படுத்துவிடும் என்றார். "பணத்த வாங்கிட்டு வேற கடை பாக்க வேண்டியதுதானேன்னு ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றும் கேட்டார்.

என்ன சொல்வேன்? இப்போதிருக்கும் கடையின் மாடிப்படியைப் பார்த்துவிட்டு வயதானவர்கள் துணியோடு திரும்பிப் போகிறார்கள். ஏறி இறங்கி என் முட்டியும் தேய்ந்து கிடக்கிறது. அந்தக் கடைக்குப் படியே கிடையாது. இரண்டு பக்கமும் ஜன்னல். சாயங்காலம் வரை கறுப்புத் துணியில் கறுப்பு நூலை விளக்கில்லாமல் ஓட்டலாம். அதற்கு எத்தனை மடங்கு ஈடு என்று ஜட்ஜையே சொல்லச் சொல்லுங்கள் என்றேன். இதை இப்படியே கோர்ட்டில் சொல்லுங்கள் என்றார் வக்கீலம்மா.

இன்னொரு கூத்து. தன் மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு தைக்கச் சொல்லி, சண்டைக்கு முன்பே துணி கொடுத்திருந்தார் மனிதர். "கத்தரியே வைக்காதீங்க, அல்லாடட்டும்" என்றாள் என்னிடம் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன நாளில் அவர் கண்ணாடிக் கடைக்கே கொண்டுபோனேன். போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதம். வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "நான் பேசினபடி குடுத்துட்டேன், இனி நீங்க குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோட்டைக் கழற்றக்கூட மறந்து நின்றார்.

மீதிப் பணத்தை வங்கியில் அப்படியே வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகைக்கும் சொல்லியாகிவிட்டது. உன் பெயரைத்தான் முதலில் எழுதச் சொன்னேன்.

நீ போனை எடுக்காததற்கு வேலைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிடாதே, கண்ணு. எடுத்த காரியமெல்லாம் கூடிவந்து பிள்ளைகுட்டியோடு நன்றாக இரு. அந்தக் காகிதத்தில் மட்டும் உன் கை படாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் மாடியிலேயே இருக்கும்
உன் அக்கா