சார்ல்ருவாவுக்குப் போன பனெத்தோனே

மிலான், 12 டிசம்பர் 1955

அன்புள்ள எஜீடியோவுக்கு,

நானும் குழந்தை நீவெஸும் நலம். சுரங்கத்தில் இந்தக் கிறிஸ்துமஸுக்கும் விடுப்பு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கூட வேலை செய்யும் பொர்த்தோலோவுக்கு மட்டும் எப்படிக் கிடைத்ததோ. சண்டைக்கு வரவில்லை, கேட்டேன்.

அடுமனையில் மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் முதலாளி மனமிரங்கி, கிறிஸ்துமஸுக்கு நமக்கென்று இரண்டு பனெத்தோனே ரொட்டி போட்டுக்கொள்ளச் சொன்னார். மாவு இரண்டு நாள் புளித்துப் பொங்கியது. திராட்சையைப் போட்டது உங்கள் மகள்தான். "அப்பாவுக்கு நெறைய போடும்மா, இருட்டுல வேலை பாக்குறாருல்ல" என்றாள். சுட்டதும் நடு அமுங்காமலிருக்கத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆறவைத்தேன். ஒன்றை உங்களிடம் சேர்க்கச் சொல்லிப் பொர்த்தோலோவிடம் கொடுத்திருக்கிறேன். பெட்டியை வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கூச்ச சுபாவம் போலும்.

உங்கள்
எர்சிலியா

சார்ல்ருவா, பெல்ஜியம், 28 டிசம்பர் 1955

அன்பு எர்சிலியா,

பனெத்தோனே நசுங்காமல் வந்தது. குடியிருப்பில் ஆறு பேர் பங்கிட்டுத் தின்றோம். எல்லோரும் உன் கையைப் புகழ்ந்தார்கள். அடுத்த வருடம் நிச்சயம் வருவேன். குழந்தைக்கு முத்தம்.

எஜீடியோ

சார்ல்ருவா, 2 ஜனவரி 1956

அன்புள்ள நாத்தனாருக்கு,

பெட்டியிலிருந்த முகவரியைப் பார்த்து, பக்கத்து வீட்டு இத்தாலியர் கையால் எழுதவைக்கிறேன். மார்ச்சில் எனக்குப் பிரசவம். எதுவும் வயிற்றில் தங்காமல் கிடந்தேன். நீங்கள் அனுப்பிய ரொட்டி மட்டும்தான் இறங்கியது. முழுவதையும் நானே தின்றேன். "எங்க அக்கா கை அப்படி" என்றார் எஜீடியோ. உங்கள் ஊரிலிருந்து காகிதங்கள் வந்ததும் கல்யாணம் என்கிறார். நீங்கள் அவசியம் வரவேண்டும். அதன் செய்முறையை எழுதி அனுப்புவீர்களா?

ஓடெட்

மிலான், 3 பிப்ரவரி 1956

எஜீடியோவுக்கு,

ஓடெட் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுக்கு உண்மையை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எப்படிச் சொல்வது? செய்முறையை மட்டும் எழுதி, நாத்தனார் என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். பிரசவம் ஆனதும் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லமாட்டீர்கள் என்றும் தெரியும்.

இங்கிருந்து எந்தக் காகிதமும் வராது. இந்த நாட்டில் கல்யாணத்தை அத்துவிட வழியில்லை. சாகும்வரை நான் உங்கள் மனைவிதான், அவள் யாருமில்லை. இனி எழுதாதீர்கள்.

இன்று தொண்டையைக் காக்கும் புனித பியாஜோவின் நாள். வழக்கம்போல இதற்கென்று நம் பனெத்தோனேயில் எடுத்து வைத்திருந்த துண்டு கல்லாய்க் காய்ந்திருந்தது. தொண்டைக்கு நல்லதென்று தின்றோம். "அப்பாவுக்குக் கொஞ்சம் வெக்கட்டுமா?" என்றாள் நீவெஸ்.

"வேணாம்டி, நீயே தின்னுடு" என்றேன்.

தின்றுவிட்டாள்.

எர்சிலியா