துணிக்கொடியில் குறைந்த ஒரு முழம்

கோவிலூர்,
ஞாயிறு, பூசை முடிந்து.

பூவிழி அப்பாவுக்கு,

லூர்துமேரி எழுதுவது. நானும் பூவிழியும் சுகம். அங்கே வெயில் எப்படி, உங்கள் முதுகு வலி எப்படி, கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை பெட்டியிலேயே கிடக்கிறதா என்பதையெல்லாம் மறக்காமல் சொல்லுங்கள். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் கத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். காகிதத்தோடு சண்டை போட முடியாதல்லவா? லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்பும் மாது அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. கடிதத்தை முழுக்கப் படித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. நம் லாரி சரியாகிவிட்டது. முன்பெல்லாம் சாயங்காலம் நிறுத்தினால் விடிவதற்குள், வண்டியைத் தாங்கும் ஏர் பலூனில் காற்று இறங்கி இடப்பக்கம் சரிந்து கிடக்கும். எஞ்சினை ஓட விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நிற்கும். உங்களைப் போலவே வண்டிக்கும் எழுந்திருக்க அரை மணி நேரம் வேண்டும் என்று நானும் என் தம்பி ராஜாவும் சிரிப்போம். இப்போது அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. நான்கு நாளாகக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே உயரம்.

ஏர் பலூன் வெடித்துவிட்டது என்று மட்டும்தான் அன்றைக்குச் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில். பெங்களூரில் ஏற்றிய கண்ணாடிப் பலகைகள் முழு லோடு. மேலேயே கியரைக் குறைத்து மெதுவாகத்தான் ராஜா இறக்கியிருக்கிறான். டமார் என்று சத்தம் கேட்டு வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ராஜா பதறாமல், ஸ்டியரிங்கை ஒடிக்காமல், மெல்ல மெல்ல ஓரம் கட்டிவிட்டான். பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தாராம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் ஒன்றுகூட விரியவில்லை. அவனை உயிரோடு வாசலில் பார்த்ததும் அடித்தேனா கட்டிக்கொண்டேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை.

தருமபுரி பைபாஸில் இருக்கும் மெக்கானிக் தர்மன் அண்ணன் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அவர் பார்த்துவிட்டு, "இந்த பலூன் தொல்லையே வேணாங்கக்கா, கழட்டிட்டு ஸ்பிரிங் பட்டைக்கு மாத்திடலாம். எங்க ஒடஞ்சாலும் பாக்க ஆளு இருக்கு" என்றார். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. ராஜாதான் பிடிவாதமாக மறுத்துவிட்டான். பட்டை போட்டால் தூக்கித் தூக்கிப் போடும், கண்ணாடி லோடு கிடைக்காது என்றான். அப்புறம் குரலை இறக்கி, "மாமா திரும்பி வந்து ஓட்டணும்ல அண்ணா, அவரு முதுகு தாங்காது" என்றான். பழுதானது ஒரு பக்கம்தான் என்றாலும் இரண்டு பக்கமும் புதுசு போடச் சொல்லி, வேலை முடியும் வரை நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

இதை அவன் செய்தது எப்போது தெரியுமா? ராஜா வளைவில் ஒடித்து ஓட்டி ஓட்டியே வண்டியைக் கெடுத்துவிட்டான், வேலை முடிந்ததும் சாவியை வாங்கி வை என்று நீங்கள் போனில் கத்தினீர்களே, அதற்கு மறுநாளிலிருந்து. ஸ்பீக்கர் போட்டிருந்தேன். அவன் பக்கத்தில்தான் நின்றான். நீங்கள் சொன்னபடியே, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சாவியை மாதா படத்தடியில் வைத்துவிட்டுக் கம்பைநல்லூருக்குப் போய்விட்டான். ஒரு வாய் காபி குடிக்கவில்லை.

இனிமேல்தான் பொட்டலத்தின் கதை. மாற்றிய பழைய சாமான்களை உரியவரிடம் கொடுத்துவிடுவது தர்மன் அண்ணன் வழக்கம். வெள்ளிக்கிழமை பட்டறை ஆள் ஒரு சாக்கைக் கொண்டுவந்து இறக்கினார். கிழிந்த பலூனோடு ஒரு சின்ன இரும்புத் தண்டும் இருந்தது. தண்டில் நீலக் கம்பி சுற்றியிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது என் துணிக்கொடிக் கம்பி.

போன வருடம் மாதா திருவிழாவில் சாமியார் வண்டிகளை மந்திரிக்க வந்தபோது, வரிசையில் நம் லாரி மட்டும் ஒரு தோள் இறங்கி நிற்கிறது என்று கூசிப்போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு ஓடிவந்து, நான் புதிதாகக் கட்டிய கொடியில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு போனீர்கள். நான் கத்தக் கத்தப் போனீர்கள். தர்மன் அண்ணனிடம் கேட்டேன். வண்டி தாழ்ந்தால் பலூனுக்குள் காற்றை விடுவதும் உயர்ந்தால் நிறுத்துவதும் அந்தத் தண்டுதானாம். நீங்கள் அதைக் கம்பியால் இழுத்துக் கட்டியதால் இடப்பக்க பலூன் வருடம் முழுக்க அளவுக்கு மீறி உப்பி, தேய்ந்து, வெடித்திருக்கிறது. அடுத்த வாரமே விமானம் ஏறினீர்கள், அவிழ்க்க மறந்துவிட்டீர்கள். வேண்டுமென்று யார் செய்வார்கள்? கழற்றிய அன்றே ராஜா அதைப் பார்த்துவிட்டானாம். முடிச்சைப் பார்த்தே உங்கள் கை என்று தெரிந்துகொண்டு, "அக்காகிட்ட சொல்லாதீங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டானாம். விவரம் தெரியாத பட்டறை ஆள் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுவிட்டார்.

நேற்று கம்பைநல்லூர் போய் அவனைக் கூப்பிட்டேன். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மாமா ஒரு வார்த்த சொல்லட்டும்க்கா, ஏறிக்கிறேன்" என்றான். வேறு ஓர் ஓனர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

உங்களை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. உங்களுக்கு அது வராது, பதினேழு வருடமாகப் பார்க்கிறேன். "சாப்ட்டியா மச்சான்" என்று கேளுங்கள், போதும். அவனுக்குப் புரியும். சாவி மாதா படத்தடியிலேயே இருக்கிறது. நான் தொடவில்லை.

இப்போது பொட்டலத்தைப் பிரியுங்கள். பார்த்துவிட்டு உடனே அவனைக் கூப்பிடுங்கள். என் துணிக்கொடி இன்னும் ஒரு முழம் குறைவாகத்தான் தொங்குகிறது. அதை நானோ ராஜாவோ சரிசெய்யப் போவதில்லை. அந்த வேலைக்காகவாவது மாதா உங்களைச் சுகமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் லூர்துமேரி