இரண்டு நீட்டி மூன்று மடக்கிய கை

தை 9, செவ்வாய், ராத்திரி.

இன்று மாதா கோயிலில் நெல் பங்குப் பேச்சு. நிலம் கோயிலுடையது. உழுகிறவன் என் அக்கா மகன் சவரி. ஐந்தில் மூன்று பங்கு உழுதவனுக்கு என்று சர்க்கார் சட்டமே இருக்கிறது. சாமியார் பாதிதான் தருவேன், இல்லையென்றால் நிலத்தை விடு என்றார். சவரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

நான் விடுவேனா? ஊரே கூடியிருந்தது, ஆயிரம் பேர் இருக்கும். பீடத்தில் இருந்த சேசு சுரூபத்தின் ஆசீர்வாதக் கையைக் காட்டினேன்.

"பாருங்க சாமி! நீட்டுன விரல் ரெண்டு, மடக்குன விரல் மூணு. நிலத்துக்கு ரெண்டு, உழுதவன் கைக்குள்ள மூணு. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஆண்டவர் தீர்ப்பு சொல்லிட்டாருங்க!"

கைதட்டலில் கூரையே எழும்பியது. சாமியார் சிரித்தார்.

"மடக்குன மூணு பிதா, சுதன், பரிசுத்த ஆவி. நீட்டுன ரெண்டு, சேசு கடவுளும் மனுஷனும்னு சொல்றது. அஞ்சும் ஆண்டவருக்கே போச்சேப்பா. உன் மருமகனுக்கு எந்த விரல்?"

கைதட்டிய கூட்டமே சிரித்தது. சவரியும் அசடு வழியச் சிரித்துவிட்டு, பாதிக்கே கைநாட்டு வைத்தான்.

வரப்பில் வரும்போது சொல்கிறான்: "சட்டத்த மட்டும் கேட்டிருந்தா குடுத்திருப்பாரு மாமா. நீங்க விரல எண்ணப் போயி என் நெல்லு போச்சு."

நன்றி கெட்ட பயல். ரோமாபுரியிலேயே நான் சொன்ன அர்த்தம்தான். நானே படித்திருக்கிறேன். எந்தப் புத்தகம் என்றுதான் நினைவில்லை. அவன் பிள்ளைகள் ஆடி மாதம் வரை எதைத் தின்னும்?