மலரக்காவுக்கு: அதே மருந்து, வேறு அறை

கண்ணை மூடினால் முகத்துக்கு முன் குரலாக வந்துவிடுகிற என் மலரக்காவுக்கு,

கொழும்பில் விடியலிலிருந்து மழை. ஆய்வுகூடத்து யன்னலால் பார்த்தால் ரோட்டில் குடைகள் மட்டும் மிதந்துகொண்டு போகின்றன. இந்த நேரம் எங்கள் துறைமுகம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அக்கரை மலைகள் கரைந்து, கப்பல்கள் பாதியாகி, எது தண்ணீர் எது வானம் என்று தெரியாமல் கிடக்கும். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அங்கேயும் மழை உண்டா அக்கா?

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தது நீங்கள்தான். வெள்ளைக்காரர் கப்பற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன புதிதில் துறைமுக அலுவலகத்துத் தொலைபேசிப் பலகைக்கு முன் போய் உட்கார்ந்தீர்கள். தமிழ், சிங்களம், இங்கிலீசு, மூன்றிலும் மூன்று குரல் உங்களுக்கு. ஊரில் உங்கள் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். அந்தக் குரலே பின்னாளில் உங்களுக்கு எதிரான சாட்சியாகும் என்று யார் கண்டது?

கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறியதும், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மோர்பின் கலந்த தண்ணி மருந்தைத் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் ஒரு அளவு குடித்தால் அரை நாள் சுகமாகப் படுத்திருப்பீர்கள். பிறகு அதே அளவு இரண்டு மணித்தியாலத்துக்கும் போதவில்லை.

அத்தான் கெட்டவர் இல்லை. துறைமுகத்துக் கிரேன்களைத் திருத்துகிறவர். எதிலும் அளவு பார்த்துப் பழகியவர். அவர் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீங்கள் கேட்டாலும் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தருவார். எனக்குக் கடிதம் போட்டார்: “உன் அக்கா மருந்துக்கு அடிமையாகிவிட்டாள். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு குரலில் கேட்கிறாள். அவளுக்கு அது தொழில்தானே.”

நான் சொல்லாமல் விட்டது இதுதான் அக்கா. அந்தக் கடிதத்தை நானும் பாதி நம்பினேன்.

அப்போது நான் செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? மோர்பின் ஏற்றிய எலிகளைச் சூடான தட்டில் விட்டு, அவை எவ்வளவு நேரத்தில் சூடு தாங்காமல் காலை நக்குகின்றன என்று பார்த்து எழுதுவது. முதல் நாள் வெகுநேரம் நிற்கும். நாள் போகப் போக, அதே மருந்தோடு, விட்ட உடனேயே நக்கத் தொடங்கிவிடும். தட்டிலிருந்து அவற்றைத் தூக்கும்போது கைக்குள் இதயம் அடிப்பது தெரியும். எலி நடிக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அக்கா நடிக்கிறா என்று மட்டும் எப்படித் தோன்றியது?

எங்கள் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மேடம் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையைக் கொண்டுவந்து, அதில் கண்டதை இங்கேயும் செய்து பார்க்கச் சொன்னார். ஓர் அறையில் மருந்துக்குப் பழகிப்போன எலியை வேறு வெளிச்சமும் வேறு மணமும் உள்ள அறைக்குத் தூக்கிப்போய், அதே மருந்தைக் கொடுத்தோம். முதல் தரம் மருந்து ஏறியதுபோல மயங்கிக் கிடந்தது.

“உடம்புக்கு இடம் தெரியும் பிள்ளை,” என்றார் மேடம். “அந்த அறையைக் கண்டதுமே மருந்து வரப்போகுது எண்டு அறிஞ்சு எதிர்த்து நிக்க ஆயத்தமாகுது. புது இடத்திலை அந்த ஆயத்தம் இல்லை.”

நான் அதைக் கொப்பியில் எழுதினேன். உங்களைப் பற்றி நினைக்கவேயில்லை.

பிறகு லீவு எடுத்துக்கொண்டு வந்தனான். அன்புவழிபுரத்து வீட்டில் உங்கள் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. உங்களோடு தொலைபேசிப் பலகையில் வேலை செய்த ரீட்டா அக்கா அன்று காலை காரோடு வந்து நின்றா. “இதுக்குள்ளை மனிசர் படுக்கேலுமே? என்ர வீட்டை கொண்டுவாங்கோ,” என்றா. உப்புவெளிக்குப் போகிற வழி முழுக்க, காரின் பின் ஆசனத்தில், என் மடியில் தலையை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி வந்தீர்கள்.

ரீட்டா அக்காவின் முன்னறை நீலச் சுவர். யன்னலுக்கு வெளியே கடல். மத்தியானம் அத்தான் வழமையான அளவை ஊற்றித் தந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு மணித்தியாலம் போனது. உங்கள் மூச்சு மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் அலை இரண்டு தரம் வந்து போனது. ரீட்டா அக்கா செபமாலையை எடுத்தா. அத்தான் சுவரோடு சாய்ந்து, “போறாள், மலர் போறாள்,” என்றார். நான் உங்கள் இமையைத் தூக்கிப் பார்த்தேன். மோர்பின் கூடிப்போனால் ஆவதுபோல, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு சுவர், வேறு மணம், அதே அளவு.

“அத்தான், இது நோயில்லை, மருந்து! காரிலை போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஓடுங்கோ!” என்று கத்தினேன். நானும் ரீட்டா அக்காவும் உங்களை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டோம். உலுக்கினோம். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். “அக்கா, மூச்சு எடுங்கோ. இன்னும் ஒண்டு. அக்கா, இன்னும் ஒண்டு.” எவ்வளவு நேரம் அப்படிக் கூப்பிட்டேன் என்று தெரியாது. டொக்டர் வந்து சேர்ந்தபோது மூச்சு கொஞ்சம் நெருங்கி வந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் உங்கள் நாடியைப் பிடித்தபடி இருந்தார். “நானும் இப்பிடிக் கண்டதில்லை,” என்றார். “இனி இந்த வீட்டிலை அரைவாசிதான் குடுங்கோ. பக்கத்திலை இருந்து பாருங்கோ.”

அடுத்த நாள் வெயில் கட்டிலில் விழுந்தபோது கண்ணை விழித்தீர்கள்.

“நல்ல வேலையடி நேற்று,” என்றீர்கள். “பலகை முழுக்க லைற் எரியுது. எல்லாக் கப்பலிலை இருந்தும் ஆரோ ஒரு பொம்பிளை ‘அக்கா, அக்கா’ எண்டு கூப்பிடுறா. நான் ஒவ்வொருத்தருக்கும் ‘லைனிலை இருங்கோ, லைனிலை இருங்கோ’ எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்.”

“இப்ப நோகுதோ அக்கா?”

நீங்கள் உடம்புக்குள் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்தவரைப்போல என்னைப் பார்த்தீர்கள். “இல்லையடி. நோ இல்லை.”

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து தோற்றது மலரக்காவின் குணத்தால் இல்லை, உடம்பின் இயல்பால் என்று. எலிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் எழும்பிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்தார்.

“நான் உன்னைக் கெஞ்ச வைச்சிட்டன் மலர்.”

“ஓம். வைச்சனீங்கள்தான்,” என்றீர்கள். அவ்வளவுதான். அவரை ஆற்றுவதற்காக ஒரு சொல்லும் கூட்டவில்லை. பின்னேரம் அவர் உங்கள் தலையை வாரிவிட்டார். சீப்பில் வந்த முடியை உங்களுக்குத் தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த அந்த மூன்று கிழமையை நான் நினைக்கும்போதெல்லாம் அது நடந்ததா, நானும் அந்த மருந்தைக் குடித்துக் கண்ட கனவா என்று இருக்கும். நீங்கள் சூடை மீன் சொதி கேட்டீர்கள். ரீட்டா அக்காவோடு சேர்ந்து பழைய கப்பல் கப்டன்மாரின் குரலில் கதைத்துச் சிரித்தீர்கள். கதிரையை வாசலுக்கு இழுத்துப்போட்டு, மத்தியானம் முழுக்கக் கடலைப் பார்த்தீர்கள்.

நான் ஒவ்வொரு தரமும் மருந்து குடித்த நேரத்தையும் மூச்சையும் கொப்பியில் எழுதுவதைக் கண்டுவிட்டு, “எடியே, நானும் உன்ர எலியோ?” என்று கேட்டீர்கள். கிழிக்கப்போனேன். “கிழியாதை,” என்றீர்கள். “ஆனா எனக்கு இலக்கம் போடாதை. பேரை எழுது.”

நீல அறையும் பழகிக்கொண்டு வந்தது. அது நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் சொல்லியிருந்தேன். மெல்ல மெல்ல அளவைக் கூட்டினோம். இப்போது அத்தானே நேரத்துக்கு முன்பாகப் போத்தலோடு வந்து நிற்பார். “கேக்க முதல் குடிச்சிடு,” என்பார்.

என் லீவு முடிந்தது. “போ. எனக்கு ஆக்கள் இருக்கினம்,” என்று நீங்கள்தான் அனுப்பினீர்கள். பத்தாம் நாள் தந்தி வந்தது. பக்கத்தில் அத்தான் இருந்தாராம், நோவில்லாமல் விடியலில் போனீர்களாம். நான் நின்றிருக்க வேண்டுமா அக்கா? இதற்கு மட்டும் யாரிடம் விடை கேட்பது?

இன்னொரு செய்தி. போன கிழமை மேடம் என்னை ஆஸ்பத்திரி வார்ட்டுக்குக் கூட்டிப் போனார். மூதூர் மீனவர் ஒருவர், காலில் எலும்புப் புற்றுநோய். நேர்சம்மா நல்லவ, ஆனால் சிங்களம் மட்டும்தான். இவருக்குத் தமிழ் மட்டும்தான். எப்போதும் ஊசி கேட்கிறார், பழகிப்போய்விட்டார் என்று நோட்டில் எழுதியிருந்தார்கள்.

அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், “காக்கா, எப்பிடி நோகுது?” என்று கேட்டேன்.

அவர் முதலில் என் முகத்தை ஆராய்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பகல்ல உளையிது தங்கச்சி. விடியக்குள்ள கடுக்கிது. நடுவால ஒரு குத்து வரும், அதத்தான் தாங்க ஏலாது. நான் பொய் சொல்றன் எண்டு நினைக்காதீங்க.”

“நினைக்கேல்லை, காக்கா,” என்றேன். உளைவு வேறு, கடுப்பு வேறு, குத்து வேறு என்று எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் நேர்சம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன். அவ மூன்றையும் எழுதினா. அன்று பின்னேரம் ஊசியின் அளவைக் கூட்டினார்கள். அவர் நித்திரையாகும்வரை மூச்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

இன்று ஐந்து மணிக்கு வேலை முடியும். குடையை எடுத்துக்கொண்டு நேரே அந்தக் கட்டிலுக்குத்தான் போவேன். நாளைக்கும் போவேன். அவருக்குப் பிறகு அந்தக் கட்டிலுக்கு வருகிறவரிடமும் போய், எப்படி நோகிறது என்று கேட்பேன். சொல்லி முடியும்வரை மணிக்கூட்டைப் பார்க்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

பாதி மட்டும் நம்பி, பிந்தி வந்து சேர்ந்த
உங்கள் தங்கச்சி