ஆறாம் எண் குழாய்

மாமாவுக்கு,

போனில் பேசினால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். இந்த வாரம் உங்களையும் இளமதியையும் பார்க்கக் கடலூருக்கு வரவில்லை. சிதம்பரத்தில் வேலை ஜாஸ்தி.

நான் ஆராயும் புரதத்தைப் பற்றி ஒருநாள் கேட்டீர்களே. நரம்புச் செல்லுக்குள் கால்சியம் நுழைந்ததும் அதை உணர்ந்து பிடித்துக்கொள்வது அதுதான். பிடித்ததும் அதன் வடிவம் மாறும். அப்போதுதான் அடுத்த செல்லுக்குச் செய்தி போகும். அதில் பரம்பரையாகப் பிழை இருந்தால், முதலில் ஒரு கையும், போகப்போக மறு கையும் சொன்னபடி கேட்காது.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். எங்கள் லேபில் அதற்காக வெளியே அலைவதில்லை. எங்களில் ஒருவர் கையை நீட்டிவிடுவோம். இந்த முறை நான் நீட்டினேன். ஆறாம் எண் சோதனைக் குழாய் என்னுடையது.

அதிலும் அதே பிழை.

"லேபிள மாத்தி ஒட்டிட்டியாம்மா? இன்னொரு வாட்டி பாரு" என்றார் எங்கள் பேராசிரியர். புதிதாக ரத்தம் எடுத்து மூன்று முறை பார்த்துவிட்டேன்.

என் அப்பாவின் கை நடுக்கத்தைக் குடியால் வந்தது என்றே எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

போன வாரம் இளமதி மறுபடியும் பாலைக் கொட்டிவிட்டாள் என்றீர்கள். "ஒம் பொண்ணுக்குக் கை ஒரு எடத்துல நிக்கல, முதுகுல ரெண்டு வச்சேன்" என்றீர்கள். நானும் சிரித்தேன்.

இனி அடிக்காதீர்கள், மாமா. டம்ளரை எந்தக் கையால் பிடித்திருந்தாள் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்